நோட்பேடில் திறக்கும் முப்பரிமாண உலகம்

டபிள்யூ.ஆர்.எல். என்று முடியும் பழைய கோப்பு கிடைத்தால் முதலில் நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது வெறும் எழுத்து: எடுத்துக்காட்டாக, ஒரு கோளம், அதன் ஆரம் 2 மீட்டர், நிறம் 1 0 0, அதாவது முழுச் சிவப்பு. அந்த எண்களை 0 1 0 என்று மாற்றிச் சேமித்தால் பந்து பச்சையாகிவிடும். எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. மெதுவான இணைப்புகளுக்காக அக்காலத்தில் பல கோப்புகளை ஜிசிப் முறையில் சுருக்கி, அதே பெயரில் வைத்தார்கள். விரித்தால் போதும்.

முப்பரிமாண உலகத்தை இப்படி எழுத்தில் விவரிக்கும் மொழிதான் வி.ஆர்.எம்.எல். 1994-இல் ஜெனீவாவில் நடந்த முதல் வலை மாநாட்டில் இதற்கான பேச்சு தொடங்கியது. மார்க் பெஷி, டோனி பாரிசி ஆகியோர் முன்னின்றார்கள். சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன் இன்வென்டர் கோப்பு வடிவம் அடித்தளமானது. 1997-இல் ஐ.எஸ்.ஓ. தரமும் ஆயிற்று.

ஆனால் அன்றைய உலாவிகளுக்கு இதை வரையத் தெரியாது. காஸ்மோ பிளேயர் போன்ற செருகுநிரல் தேவைப்பட்டது. பின்னர் ஷாக்வேவ், யூனிட்டி வெப் பிளேயர் என்று இன்னும் அழகாக வரையும் செருகுநிரல்கள் வந்தன. அவையும் நிலைக்கவில்லை. பாதுகாப்புக் காரணங்களால் 2015 செப்டம்பரில் குரோம் உலாவி இத்தகைய செருகுநிரல்கள் நுழையும் வாசலை அடைத்தது. 2020 முடிவில் ஃபிளாஷ் செருகுநிரலும் நிறுத்தப்பட்டது. யூனிட்டி வெப் பிளேயருக்காக ஆக்கிய விளையாட்டு, மூல நிரல் தொலைந்திருந்தால், இன்றைய உலாவியில் திறக்காது. அதைவிடப் பழைய வி.ஆர்.எம்.எல். கோப்பு திறக்கிறது!

காரணம், அதன் இலக்கணம் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் இருக்கிறது. 2011-இல் வந்த வெப்ஜிஎல், செருகுநிரல் இல்லாமலே கணினியின் வரைகலைச் சில்லை உலாவியிடம் ஒப்படைத்தது. எக்ஸைட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பழைய கோப்பை நேராகப் படித்து, முக்கோணங்களாக்கி, அந்தச் சில்லுக்கு அனுப்புகிறது.

இயக்கமும் கெடுவதில்லை. வி.ஆர்.எம்.எல். அசைவுகளை நொடிக் கணக்கில் எழுதச் சொன்னதால், வேகமான இன்றைய கணினியிலும் அந்த உலகத்தில் உள்ள ஒரு காற்றாலை தன் பழைய நிதானத்திலேயே சுற்றும். இதை வகுத்தவர்களின் தொலைநோக்கு பாராட்டத்தக்கது.

சிக்கல் வருவது நிரல் கலந்த இடங்களில். ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவை பெரும்பாலும் ஓடும். திறக்கும் நிரலை ஜாவாவில் எழுதிய கதவு மட்டும் தட்டினாலும் திறக்காது. அந்தப் பகுதியை யாராவது உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுத வேண்டும்.