அமுக்கரா: சூரணமும் கப்சியூலும்

யாழ்ப்பாணத்தில் அமுக்கராங்கிழங்கு புதிய சரக்கு இல்லை. மருந்துச் சரக்குக் கடையில் காய்ந்த வேராகக் கிடைக்கும். பரியாரியாரிடம் சூரணமாகவோ லேகியமாகவோ கிடைக்கும். இப்போது அதே வேர் ‘அஷ்வகந்தா’ என்ற பெயரோடு, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவுகளின் பெட்டிகளில் கப்சியூல் போத்தலாக வந்து இறங்குகிறது. “நித்திரைக்கு நல்லது, யோசனைக்கு நல்லது, குடியுங்கோ” என்று அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சூரணம் குடித்துப் பழகியவர்கள் இதையும் அதே நம்பிக்கையோடு விழுங்குகிறார்கள். செடி ஒன்றாக இருக்கலாம், ஆனால் உடம்புக்குள் போகும் அளவில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

கத்தரி, தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி அமுக்கரா. வறண்ட நிலம் அதற்குப் பிடிக்கும். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளில் பெருமளவில் பயிராகிறது. மருந்தாக எடுப்பது வேரைத்தான். அதில் விதனோலைட்டுகள் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. உடம்பு நெருக்கடிக்கு ஈடுகொடுக்க உதவும் பொருள்களுக்கு 1947இல் ரஷ்ய அறிஞர் லாசரேவ் ‘அடப்டோஜன்’ என்று பெயரிட்டார். அமுக்கராவை இன்று அந்த வகையில் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

நம்முடைய சூரணத்தை எடுத்துக்கொள்வோம். பரவலாக வழங்கும் முறைப்படி கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சீனி நூற்று இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரட்டிப்பு. கிழங்கை அப்படியே இடிப்பதில்லை; பசும்பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்திய பிறகுதான் சேர்ப்பார்கள். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 255 பங்கில் அமுக்கரா கால்வாசி, சீனி பாதி. 3 கிராம் சூரணம் எடுத்தால் கிழங்கு முக்கால் கிராம்தான். கிழங்கில் விதனோலைட்டு பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது ஒரு வேளைக்கு 7, 8 மில்லிகிராமைத் தாண்டாது. சலரோகக்காரர் இந்தக் கணக்கை இன்னொரு பக்கமாகவும் பார்க்கவேண்டும்: மருந்தென்று நினைத்து எடுப்பதில் பாதி சீனி.

கப்சியூலில் இருப்பது பெரும்பாலும் செறிவூட்டிய சாறு. ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம், அதில் விதனோலைட்டு நூற்றுக்கு 5 என்று லேபல் சொன்னால், 30 மில்லிகிராம் உள்ளே போகிறது. சூரணத்தின் ஒரு வேளையைப் போல் நான்கு மடங்கு. சில தயாரிப்புகளில் செறிவு இதிலும் கூட. சிலவற்றில் வேரோடு இலையையும் சேர்க்கிறார்கள். இலையைத் தவிர்த்து வேரையே பயன்படுத்தும்படி இந்திய ஆயுஷ் அமைச்சு 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே லேபலில் பெயரைவிட முக்கியமானவை இரண்டு: செடியின் எந்தப் பாகம், எவ்வளவு விதனோலைட்டு. இரண்டும் எழுதாத போத்தலை நான் வாங்கமாட்டேன். மென்று தின்னும் இனிப்பு வடிவத்தையும் பரிந்துரைக்கமாட்டேன். வீட்டில் சின்னப்பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துவிடுவார்கள்.

பலன் உண்டா? ஓரளவு உண்டு. 2012இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், மனஅழுத்தம் உள்ள 64 பேரில் ஒரு பகுதியினருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு இரு வேளையாக 60 நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் கப்சியூல். சாறு எடுத்தவர்களின் மனஅழுத்த அளவும், இரத்தத்தில் கோட்டிசோல் என்ற மனஅழுத்த ஹோர்மோனும் தெளிவாகக் குறைந்தன. நித்திரை பற்றிய ஐந்து ஆய்வுகளை, 400 பேரின் தரவுகளோடு, 2021இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. தசைவலு, ஆண்மை பற்றியும் ஆய்வுகள் உள்ளன. பெரும்பாலானவை சிறியவை, சில வாரங்களோடு முடிபவை. வருடக்கணக்கில் தினமும் எடுப்பதற்கு இவை ஆதாரமாகா.

தீங்கைச் சொல்லும்போது மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இதை எடுத்த சிலருக்கு இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஈரல் பாதிக்கப்பட்டுச் செங்கண்மாரி வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இது அரிது, பெரும்பாலானோர் நிறுத்திய பின் தேறினார்கள். தைரொயிட் சுரப்பை இது கூட்டக்கூடும் என்பதால் தைரொக்சின் குளிசை போடுபவர் தானாகத் தொடங்கவே கூடாது. சீனியையும் பிரஷரையும் சற்றுக் குறைக்கும். ஏற்கனவே குளிசை போடுபவருக்கு இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கலாம். நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வேண்டவே வேண்டாம். கரு கலையக்கூடும் என்ற அச்சம் இருக்கிறது. டென்மார்க் 2023இல் இதைத் தடைசெய்தபோது சொன்ன காரணங்களில் இதுவும், தைரொயிட், பாலியல் ஹோர்மோன்கள் மீதான விளைவும் அடக்கம்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. அங்கே சித்த போதனா வைத்தியசாலையும் உண்டு. அமுக்கரா வேண்டும் என்று நினைப்பவர் அங்கேயோ, பதிவு பெற்ற சித்த வைத்தியரிடமோ போய், போடுகிற ஆங்கில மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்கலாம். கிளினிக்குக்குப் போகும்போதும் அந்தப் போத்தலைக் கொப்பியோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மூலிகைதானே’ என்று சொல்லாமல் விடுவதால்தான் டொக்டருக்குக் காரணம் பிடிபடாமல் போகிறது. கண் மஞ்சளாகினாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பெல்லாம் கடித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.