வாசித்த பின்னரே ஒப்பம்

கையொப்பம் என்பது வெறும் மைக்கோடு அன்று. மனிதன் தன் சொல்லுக்குத் தானே பிணை நிற்பதற்கு அது அடையாளமாகும். இவ்வுண்மையைப் புதுவை மக்கள் நன்கு அறிவர். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாளைய பிரெஞ்சு ஆணையின்படி, இங்கு வாழ்ந்த பலர் தம் வழிவழிக் குடும்பச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றனர். 'ரெனோன்சான்' எனப்பெற்ற அவர்கள் இட்ட ஒப்பம் திரும்பப் பெற இயலாதது. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அது சேர்த்தே கட்டுப்படுத்திற்று.

பிரெஞ்சு நாட்டின் 1803ஆம் ஆண்டு நொத்தேர் சட்டத்தில் அழகியதொரு நெறி உண்டு. ஆவணம் உரியவர்களுக்கு வாசித்துக் காட்டப்பெற்றது என்பதை அந்த ஆவணத்திலேயே நொத்தேர் குறித்தல் வேண்டும். முதலில் வாசிப்பு, பின்னரே ஒப்பம்.

இன்றோ நம் இல்லத்துப் பிள்ளைகள் வாசியாமலே ஒப்பமிடுகின்றனர். 'டெமோ' எனப்படும் விளையாட்டின் இலவச மாதிரியைக் கணினியில் இறக்கும்போது, நீண்டதோர் உரிம ஒப்பந்தம் திரையில் தோன்றுகிறது. 'ஏற்கிறேன்' என்னும் பொத்தானை அழுத்துவதே ஒப்பம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, மின்வழியில் செய்யப்பட்டது என்னும் காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது.

விந்தையான விதிகள்

அவ்வொப்பந்தங்களைப் படிப்போர் திகைப்பது உறுதி. ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ், பாட்டுக் கேட்பதற்கான மென்பொருள். அதனைக்கொண்டு அணு ஆயுதமோ ஏவுகணையோ செய்யலாகாது என்று அதன் ஒப்பந்தம் தடுத்தது! அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை முன்னிட்டு, வழக்குரைஞர்கள் ஒரே வகை வாசகத்தைப் பல மென்பொருள்களுக்கும் எழுதுவதால் நேர்வது இது.

'எமது பொறுப்பு நீர் செலுத்திய தொகைக்கு மேற்படாது' என்னும் விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. இலவச மாதிரிக்கு நாம் செலுத்தியது ஒன்றுமில்லை. ஆகவே, அதனால் நம் கணினி பழுதுற்றாலும் அவர்தம் பொறுப்பு ஒன்றுமில்லை என்றாகிறது!

எவரும் படிப்பதில்லை என்பதைக் காட்டவே சிலர் வேடிக்கை செய்ததும் உண்டு. 2010 ஏப்ரல் முதல் நாள், இங்கிலாந்தின் கேம்ஸ்டேஷன் என்னும் விளையாட்டு விற்பனை நிறுவனம், வாங்குவோரின் அழியா ஆன்மாவைக் கோரும் உரிமை தனக்கு உண்டென ஒரு விதியைச் சேர்த்தது. மறுப்போர்க்கு 5 பவுண்டு பெறுமான பரிசுச் சீட்டும் வைத்திருந்தது. ஏறத்தாழ 7,500 பேர் மறுக்காமலே ஆன்மாவைத் தாரை வார்த்தனர்! ஆன்மா விற்பனைச் சரக்கன்று. ஆதலின் அதுபற்றி நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும், ஆன்மாவைக் கேட்டதையே கவனியாதவர், தம் முகவரியையும் நண்பர்தம் தொலைபேசி எண்களையும் கேட்பதைக் கவனிப்பரோ?

அமெரிக்காவின் பிசி பிட்ஸ்டாப் நிறுவனமோ, எழுதிக் கேட்பவர்க்குப் பணம் தரப்படும் என்று தன் ஒப்பந்தத்தினுள் மறைத்து வைத்தது. நான்கு திங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிய பின்னரே ஒருவர் எழுதினார்; 1,000 டாலர் பெற்றார்.

சட்டம் தரும் காப்பு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என 1903இல் மோகரி பீபி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. எனினும், பிள்ளைகள் அழுத்துவது பெரும்பாலும் தந்தையின் கைப்பேசியில், தந்தையின் கணக்கில் அல்லவா? அழுத்தியவர் யார் என்று மெய்ப்பிக்கும் தொல்லை அவரையே சாரும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து முறையிட வழி செய்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நம் விவரங்களைப் பெற இசைவு கேட்போர், தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் அதனைப் படிக்க வாய்ப்பளித்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் விவரங்களுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது அதன் விதி.

பெற்றோர் கடமை

அன்புப் பெற்றோரே, முழு ஒப்பந்தத்தையும் படித்தல் எல்லோர்க்கும் இயலாது. நான்கு வினாக்களுக்கேனும் விடை தேடுங்கள். எவ்விவரங்களைக் கேட்கின்றனர்? அவற்றை யாருக்குத் தருவர்? இலவசம் முடிந்தபின் பணம் தானே பிடிக்கப்படுமா? வேண்டாமெனில் விலகுவது எங்ஙனம்? விடைகளைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். விளங்காத இடத்தில் பொத்தானை அழுத்தாதிருக்கப் பழக்குங்கள். விளையாட்டில் தொடங்கும் இப்பழக்கம், நாளை கடன் பத்திரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் அவர்களைக் காக்கும்.