மெஷினுக்கு மூளை வாங்கும் முன்...

சென்ற மாதம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது ஒரு தம்பி எனக்காகக் காத்திருந்தார். கண்டிப் பக்கம் தளபாடப் பட்டறை வைத்திருப்பவர். கையில் போன், போனில் ஒரு படம். "நானா, மெஷினுக்கு நாலு எக்ஸிஸ் கார்ட் ஒண்டு வந்திரிக்கி. விலையும் கொறவு. எடுக்கவா?" என்றார். "உங்கட மோட்டர் என்ன மோட்டர்? ஸ்குரூ ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீற்றர் போகுது?" என்று கேட்டேன். தெரியவில்லை. பட்டறையில் இருக்கும் கம்பியூட்டர் எப்படியானது என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. விலை மட்டும் சதம் வரைக்கும் தெரிந்திருந்தது.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாங்கினேன்.

கதவு, கட்டில் தலைமாடு, பள்ளிவாசல் மிம்பர் என்று மரத்தில் பூ வேலை செய்ய எம்மவர்கள் பலர் இன்று சி.என்.சி. ரவுட்டர் மெஷின் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது இரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், ஸ்பின்டில் எத்தனை கிலோவாட் என்று கேட்பார்கள். மோட்டர்களை நடத்தும் கொன்ட்ரோல் கார்டைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மெஷினின் மூளையே அதுதான்.

அதன் வேலை இதுதான். கம்பியூட்டரில் வரைந்த படத்தை அது மின் துடிப்புகளாக, அதாவது பல்ஸ்களாக மாற்றி மோட்டருக்கு அனுப்புகிறது. ஒரு பல்ஸுக்கு மோட்டர் ஒரு சிறு அடி வைக்கும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவரில் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1600. ஸ்குரூ சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் போவதென்றால் ஒரு மில்லிமீற்றருக்கு 320 பல்ஸ். நிமிடத்துக்கு 6 மீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 100 மில்லிமீற்றர் ஓட வேண்டுமானால் செக்கனுக்கு 32,000 பல்ஸ் வேண்டும்.

பழைய முறையில், மாக்-3 என்ற மென்பொருள் பிரின்டர் போர்ட் வழியாகத் தரும் அடிப்படை வேகம் செக்கனுக்கு 25,000 தான். கூட்டலாம், ஆனால் கம்பியூட்டர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதே கம்பியூட்டர் வேறு வேலைகளும் பார்ப்பதால் பல்ஸ்கள் முன்பின்னாக வரும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டருக்கு "நான் ஓர் அடி தவறவிட்டேன்" என்று சொல்லும் வாய் கிடையாது. பூவின் இதழ் இரண்டு மில்லிமீற்றர் தள்ளிப் போயிருப்பதைத் தேக்குப் பலகை வீணான பிறகுதான் காண்பீர்கள். சுற்றுக்கு 10,000 பல்ஸ் கேட்கும் சேர்வோ மோட்டர் போட்டால் அந்த 25,000 இல் நிமிடத்துக்கு முக்கால் மீற்றர்தான் நகரும். பெருநாள் முதல் நாள் புறக்கோட்டையில் நாம் நடக்கும் வேகம் கூட அதைவிடப் பரவாயில்லை.

இதனால்தான் பல்ஸ் உண்டாக்கும் வேலையைக் கம்பியூட்டரிடமிருந்து எடுத்துத் தனிக் கார்டிடம் கொடுக்கிறார்கள். அதற்காக, செக்கனுக்கு 40 இலட்சம் பல்ஸ் தரும் கார்ட் என்று விளம்பரம் பார்த்து மயங்கவும் தேவையில்லை. தேவை 32,000 என்றால் அது முச்சக்கர வண்டிக்கு பஸ் எஞ்சின் பூட்டுவது போல.

இனி என் கதை. எனது முதல் மெஷினின் கார்ட், கம்பியூட்டருக்குள்ளே பி.சி.ஐ. துளையில் செருகும் வகை. வருடக்கணக்கில் நன்றாக ஓடியது. 2017 இல், ரமழானுக்கு இரண்டு மாதங்கள் இருக்க, ஒரு பள்ளிவாசலின் முன்கதவுகளும் மிம்பரும் செய்யும் வேலை கிடைத்தது. ஒரு மாலை நேரத்து இடியில் கம்பியூட்டர் போய்விட்டது. கார்டுக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று புதிய கம்பியூட்டர் எடுத்து வந்து திறந்து பார்த்தால், அந்தக் கார்ட் செருகும் துளையே அதில் இல்லை. மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடுவது. மைக்ரோசொப்ட் 2014 இலேயே அதைக் கைவிட்டுவிட்டது. மெஷின் விற்றவரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

பாவித்த கம்பியூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்க ஒன்பது நாள். பிடித்த பிறகும் செட்டிங்குகள் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. 100 மில்லிமீற்றர் போ என்றால் மெஷின் 80 போய் நின்றது. பிறகுதான் ஒருவர் சொல்லித் தந்தார்: இருக்கும் எண்ணை 100 ஆல் பெருக்கி 80 ஆல் வகுத்துப் போடுங்கள் என்று. இப்படி ஒவ்வோர் எக்ஸிஸாக அளந்து சரிசெய்து முடிக்க, மொத்தம் 19 நாள் மெஷின் சும்மா நின்றது. கதவுகளை மொறட்டுவ பாஸ் ஒருவரிடம் கொடுத்துக் கையால் செதுக்குவித்தேன். கொடுத்த வாக்குக் காப்பாற்றப்பட்டது, இலாபம் பாஸுக்குப் போனது. மெஷின் வேலை என்று நினைத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் புகழ்ந்தபோது, கைவேலை என்று நான் சொல்லிவிட்டேன்.

ஆகவே இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, கார்ட் கம்பியூட்டரோடு எதனால் இணைகிறது என்பதைத்தான். யூ.எஸ்.பி. வகை மலிவு. ஆனால் நிமிடத்துக்கு 24,000 சுற்றும் ஸ்பின்டிலை ஓட்டும் இன்வேர்ட்டர் பக்கத்தில் இருந்தால், அது கிளப்பும் மின் இரைச்சலில் தொடர்பு அறுந்து வேலை நடுவில் நின்றுவிடுவதுண்டு. நெட்வேர்க் கேபிளில் இணையும் கார்டில் சிறு டிரான்ஸ்போமர்கள் இடையில் நின்று காப்பதால் இந்தத் தொல்லை குறைவு. எந்தக் கம்பியூட்டரிலும் அந்தத் துளையும் இருக்கும், இல்லாவிட்டால் வாங்கிப் பூட்டலாம். நான் இப்போது பாவிப்பது அதைத்தான்.

கம்பியூட்டரே வேண்டாம், கையில் பிடிக்கும் பெட்டியில் பென் டிரைவைச் செருகி ஓட்டுவோம் என்பவர்களுக்கு ரிச்ஓட்டோ போன்றவை இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டிய நாட்களில் அது வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள். விட்ட இடத்தை அது நினைவில் வைத்திருக்கும். மெஷினை ஹோமுக்கு அனுப்பி மறுபடி தொடங்கலாம். திரை சிறியது, கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர்களுக்குச் சிரமம்.

மென்பொருள் விடயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. லைசன்ஸ் இல்லாத மாக்-3 ஐந்நூறு வரிகளோடு நின்றுவிடும். ஒரு பூ வேலைக்கு இலட்சக்கணக்கில் வரிகள் வரும். ஆகவே மெஷின் பூட்ட வருபவர் திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டுப் போவார், நாமும் கேட்பதில்லை. பிறர் உழைப்பை எடுத்துப் பாவிப்பது சரியா என்று கேட்க ஆலிமைத் தேட வேண்டியதில்லை. வியாபாரக் கணக்கிலும் அது நட்டம்தான், பழுதானால் யாரிடம் போய் நிற்பது? காசில்லாமல் வேண்டுமென்றால் லினக்ஸ் சி.என்.சி. என்று நேர்மையான இலவச மென்பொருளே இருக்கிறது. ஆனால் அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரபலமான கார்டுகளுக்கு அச்சொட்டான போலிகளும் சந்தையில் உண்டு.

சிவப்பு அவசர பட்டனைக் கார்டுக்கு மட்டும் இணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். கார்ட் உறைந்து போனால் அந்தப் பட்டன் வெறும் அலங்காரம். அது மோட்டருக்கும் ஸ்பின்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும்.

அந்தத் தம்பியின் நாலு எக்ஸிஸ் கதைக்கு வருவோம். கட்டில் கால் கடைபவருக்கு நாலாவது எக்ஸிஸ் தேவை. அவர் கடைவதில்லை. வேண்டாத செலவு என்று சொல்ல வாயெடுத்தவன், "மெஷினின் பாலத்தை ஒரு மோட்டர் இழுக்குதா, ரெண்டு பக்கமும் ரெண்டா?" என்று கேட்டுவைத்தேன். ஊருக்குப் போய் போன் எடுத்தார். இரண்டாம். அப்படியானால் அந்த இரண்டாவது மோட்டருக்கு நாலாவது வெளியீடு உதவும். அவர் கேட்டது சரி, ஏன் சரி என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கார்டை இன்னும் வாங்கவில்லை. முதலில் இப்போது ஓடும் மெஷினின் எல்லாச் செட்டிங்குகளையும், டிரைவரின் சின்ன சுவிட்சுகளையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அவரிடம் மாக்-3 தான் இருக்கிறதாம். அதன் செட்டிங்குகள் முழுவதும் ஒரே ஃபைலில் இருக்கும், அதையும் பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னேன். நேற்றிரவு இஷாவுக்குப் பிறகு 11 படங்கள் வந்தன. இரண்டு தெளிவில்லை, திருப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.