மனசுக்குள் மணியோசை – 9: அலை வராத நாட்கள்

2004 டிசம்பர் 30. சுனாமி அடித்து நான்கே நாள். மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய உள்துறையின் எச்சரிக்கை பரவியதும், தமிழகக் கடலோரமே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. அலை வரவில்லை. 2005 மார்ச் 28 இரவு சுமத்ரா அருகே நிலநடுக்கம், மறுபடி ஓட்டம். 2012 ஏப்ரல் 11 அன்றும் அப்படியே.

எச்சரிக்கை வந்தால் ஓடத்தான் வேண்டும். ஆனால், எந்த எச்சரிக்கையும் இல்லாத ஒரு மத்தியானம், தெருவில் லாரி இரைச்சல் கேட்டதும் கொதிக்கும் உலையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற தாய்க்கு என்ன ஆயிற்று? புதுப் படகும் வலையும் கிடைத்த பிறகும் தொழிலுக்குப் போகாமல், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு?

‘பயந்த கோளாறு, மந்திரித்தால் சரியாகிவிடும்’ என்பார்கள் ஊரில். முதல் உலகப் போரில் இதை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்ற பெயர் ஏறியது. போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தான் கண்ட காயங்களை 1998இல் ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’ என்று நூலாக்கினார். அங்கே மனக்காயம் பெரும்பாலும் உடம்பின் பாஷையில்தான் பேசியது: தலையிடி, நெஞ்சு நோ.

மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் மணியடிப்பது அதன் வேலை. பி.டி.எஸ்.டி.யில், ஆபத்து போன பிறகும் அந்த மணி ஓய்வதில்லை. அன்றைய காட்சி பழைய நினைவாக அடங்காமல், இப்போதே நடப்பதுபோல் திரும்பி வருகிறது. கெட்ட கனவு, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, எதிலும் ஒட்டாத மனசு. இவை ஒரு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

‘அதையே நினைக்காதே’ என்று வீட்டார் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், விலக விலகப் பயம் வேர்விடுகிறது. அதற்காக, சம்பவம் நடந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து ‘என்ன நடந்தது, சொல்’ என்று துருவுவதும் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. முதலில் சாப்பாடு, பாதுகாப்பான இடம், பக்கத்தில் ஒரு துணை.

சிகிச்சை பிறகு, படிப்படியாக. கடல் தெரிகிற தெருமுனை வரை ஒரு நாள். மணலில் கொஞ்ச நேரம் உட்காருவது இன்னொரு நாள். அலை காலை நனைக்கும் நாளும் வரும், கூடவே பயிற்சி பெற்ற ஆலோசகர் இருப்பார். சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடர்ந்தபடி அந்த நினைவை எதிர்கொள்ளும் இ.எம்.டி.ஆர். முறையும் பலன் தருகிறது. சிலருக்கு செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் தேவைப்படும்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926. முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. ‘தூக்கம் வரமாட்டேங்குது’ என்று ஆரம்பித்தால் போதும்.

பேரழிவைக் கண்ட பிள்ளைகள் அதையே விளையாட்டாக ஆடிப் பார்ப்பது ஏன்? அடுத்த வாரம்.