நகர மறுத்த நீமோ!

வியட்நாம் போர் நடந்த காலத்தில் உலகிலேயே பரபரப்பான விமானத் தளங்களில் ஒன்று, சைகோனில் இருந்த தான் சோன் நுட். அதன் வேலியைக் காத்தது அமெரிக்க விமானப்படையின் 377-வது காவல் பிரிவு. இரவு ரோந்துக்கு நாய்களும் உண்டு.

1966 டிசம்பர் 4. முந்தைய தாக்குதலில் தப்பி, பழைய கல்லறைத் தோட்டத்தில் பதுங்கியிருந்த வியட்காங் வீரர்களை மோப்பம் பிடித்தது நீமோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு. பாய்ந்த குண்டில் அதன் ஒரு கண் போனது. அதை அழைத்து வந்த காவலர் ராபர்ட் த்ரோன்பர்க்கும் சுடப்பட்டு விழுந்தார். நீமோ தவழ்ந்து போய் அவர் மேல் படுத்துக்கொண்டது. உதவிக்கு வந்தவர்களைக்கூட நெருங்கவிடவில்லை. கால்நடை மருத்துவர் வந்த பிறகே விலகியது. இருவரும் பிழைத்தார்கள். 1967-ல் நீமோ தாயகம் திரும்பியது.

1968 ஜனவரி 31 அதிகாலை, டெட் தாக்குதல். மேற்கு வேலியில் 051-ம் எண் காவல் அரணில் இருந்த ஐவரில் நால்வர் உயிரிழந்தார்கள். தளம் மட்டும் விழவில்லை.

போர் முடிந்தபோது, பெரும்பாலான நாய்கள் 'உபரித் தளவாடம்' என்று கணக்கெழுதி அங்கேயே விடப்பட்டன. ஓய்வுபெறும் ராணுவ நாய்களை வீட்டுக்கு அழைத்துப் போக வழி செய்யும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 2000-ல்தான்!