கடைசியாகக் கண்ட நாள்

மாசி மாதம் முடியும் தறுவாயில் ஐரோப்பிய நாடுகளில் பறவை ஆர்வலர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். தெற்கிலிருந்து முதல் தகைவிலான் குருவி என்று வந்தது என்பதை நாட்குறிப்பில் எழுதி வைப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். அவர்களுக்கு அது வசந்தத்தின் வரவு. நமக்கோ மாசியும் பங்குனியும் வலசைப் பறவைகள் விடைபெறும் மாதங்கள்.

அறந்தாங்கி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் நிரம்பும் கண்மாய்கள் எங்கும் உள்ளன. கிழக்கே சென்றால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் எனப் பாக் நீரிணைக் கரை. அக்கரையோரமாக வடகிழக்கே போனால் கோடியக்கரை. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வரும் விருந்தினர் இங்கெல்லாம் பனிக்காலத்தைக் கழிக்கின்றனர். மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான், வயல் வரப்பில் வாலை ஆட்டி ஓடும் மஞ்சள் வாலாட்டி, மேகம்போல் திரண்டு பறக்கும் சூறைக்குருவி, உப்பளச் சேற்றில் இரை தேடும் கொசு உள்ளான் ஆகியவை அவற்றுள் சில. மாலை ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற வண்ணப் பறவையும் இமயமலை அடிவாரம் போன்ற வட பகுதிகளிலிருந்து வரும் விருந்தாளிதான்.

இவை வரும்போது நாம் கவனிக்கிறோம். போகும்போது பெரும்பாலும் கவனிப்பதில்லை. புதிதாக வந்த ஒன்று கண்ணில் படும். இல்லாமல் போன ஒன்று எப்படிக் கண்ணில் படும்? ஒரு வாரம் கழித்துத்தான், "அந்தக் குருவிகளைக் காணோமே" என்று தோன்றும். ஆனால் அறிவியலுக்கு அவை வந்த நாளைப் போலவே போன நாளும் தேவைப்படுகிறது. காரணத்தைப் பார்ப்போம்.

பறவைக்கு நாள் தெரிவது எப்படி?

வட சைபீரியாவில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளானை நினைத்துப் பாருங்கள். அதன் இனப்பெருக்க இடம் ஏறத்தாழ 73 பாகை வட அட்சத்தில் உள்ளது. நம் கரை 10 பாகை அட்சத்தில். இடையே உள்ள 63 பாகையை, பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாமல் பறந்தாலும் ஐந்து நாள் ஆகும். உண்மையில் அது பல இடங்களில் இறங்கி, இரை தின்று, இளைப்பாறித்தான் செல்கிறது. புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேமித்துக் கொள்கிறது. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோகலோரி தரும். எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் உள்ள எரிபொருள் இது.

இந்த ஆயத்தங்களைச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். சைபீரியாவில் பனி உருகும் காலம் நெருங்குகிறது என்று கோடியக்கரையில் நிற்கும் பறவைக்கு யார் சொல்வது?

பகல் நீளம் சொல்லும் என்பது முதல் விடை. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டால் இதில் உள்ள சிக்கல் புரியும். 60 பாகை அட்சத்தில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆண்டின் மிக நீண்ட பகல் 18 மணி 50 நிமிடம் அளவில் இருக்கும். மிகக் குறுகிய பகல் 6 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை அங்கே பகல் நாளொன்றுக்கு ஐந்தரை நிமிடம் வீதம் வளர்கிறது. அறந்தாங்கியிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 70 நிமிடந்தான். அதே பிப்ரவரி-மார்ச்சில் இங்கே பகல் வளரும் வீதம் நாளுக்கு அரை நிமிடம். நம்மால் இதை உணரவே முடியாது.

பறவையால் முடியுமா? பனாமா நாட்டின் காடுகளில், ஏறத்தாழ நம் அட்சத்திலேயே வாழும் ஒரு சிறு பறவையை மிக்கேலா ஹாவ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் சோதித்தனர். பகலை வெறும் 17 நிமிடம் கூட்டியதுமே அப்பறவையின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின என்று 1998-இல் அவர்கள் அறிவித்தனர். வெப்பமண்டலத்தின் சிறு மாற்றத்தையும் அளக்கும் திறன் பறவைக்கு இருக்க முடியும் என்று இதனால் தெரிகிறது.

இரண்டாவது விடை இன்னும் வியப்பானது. 1960-களில் ஜெர்மனியைச் சேர்ந்த எபர்ஹார்ட் குவின்னர், ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் கதிர்க்குருவிகளை அறைக்குள் வைத்து வளர்த்தார். அங்கே நாள்தோறும் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. பருவம் என்பதே அந்த அறையில் கிடையாது. ஆயினும் பறவைகள் குறித்த காலத்தில் இறகு உதிர்த்தன, கொழுத்தன, வலசை போகும் காலம் வந்ததும் இரவில் உறங்காமல் கூண்டுக்குள் படபடத்தன. அவற்றின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பது இதனால் விளங்கிற்று. அது துல்லியமான கடிகாரமன்று. தோட்டக் கதிர்க்குருவிகளில் அதன் சுற்று 10 மாதத்தையொட்டி அமைந்தது. வானொலியில் மணி சொல்லும்போது கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வோமே, அதுபோல உள்கடிகாரத்தைப் பகல் நீளம் ஆண்டுதோறும் திருத்தி வைக்கிறது.

கடிகாரமும் வசந்தமும் பிரிந்தால்

மேலே சொன்ன இரண்டு கருவிகளும் சூரியனையே பின்பற்றுகின்றன. வடக்கே வெப்பநிலை எவ்வளவு என்பதை இரண்டும் சொல்வதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக இதனால் தீங்கு நேரவில்லை. குறித்த பகல் நீளத்தில் குறித்த வெப்பநிலை ஏறத்தாழ அமைந்தே வந்தது. இன்று புவி வெப்பம் ஏறி, வடக்கே வசந்தம் முன்கூட்டியே வருகிறது. பகல் நீளமோ மாறவில்லை.

இதன் விளைவை நெதர்லாந்தில் கண்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து அங்கே திரும்பும் ஒருவகை ஈப்பிடிப்பான், தன் குஞ்சுகளுக்குக் கம்பளிப்பூச்சிகளை ஊட்டுகிறது. மரங்கள் முன்னதாகத் துளிர்த்ததால் கம்பளிப்பூச்சிகளும் முன்னதாகப் பெருகின. பறவைகள் வந்து சேரும் நாளோ மாறவில்லை. வந்தபின் முட்டையிடுவதை அவை விரைவுபடுத்திப் பார்த்தன, அது போதவில்லை. கிறிஸ்டியான் போத், மார்செல் விஸ்ஸர் ஆகியோர் இதை 2001-இல் வெளியிட்டனர். இரை மிக முன்னதாகப் பெருகிய காடுகளில் இப்பறவை இருபது ஆண்டுகளில் சுமார் 90 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2006-இல் போத்தும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியின் நிலைதான்.

இந்த முடிவுக்கு வர அவர்களுக்கு உதவியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேதிகள். நம் கரையிலிருந்து புறப்படும் பறவைகளுக்கும் இதே கேள்வி உண்டு. அவை முன்னதாகப் புறப்படுகின்றனவா, அன்றிப் பழைய நாளிலேயே புறப்படுகின்றனவா? வடக்கே போய்ச் சேரும் நாளை அங்குள்ளோர் எழுதுவார்கள். இங்கிருந்து கிளம்பும் நாளை நாம்தான் எழுத வேண்டும்.

பூச்சிகளின் வழி வேறு

வலசை போவது பறவைகள் மட்டுமன்று. மழைக்காலத்தில் வயல்வெளியில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டானைச் சிறுவர் யாவரும் அறிவர். அக்டோபரில், நன்னீர்க் குளங்களே அரிதான மாலத்தீவுகளில் இவை ஆயிரக்கணக்கில் வந்திறங்குவதைக் கண்டு சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் ஆராய்ந்தார். இந்தியாவிலிருந்து காற்றின் போக்கில் கடல் தாண்டி, மாலத்தீவுகள் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை இவை செல்வதாக 2009-இல் அவர் எழுதினார். போய்த் திரும்பும் முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. ஒரே தட்டான் முழுச் சுற்றையும் முடிப்பதில்லை. வழியில் மழைநீர்த் தேக்கங்களில் முட்டையிட்டு, நான்கு தலைமுறைகள் சேர்ந்து அதை முடிக்கின்றன.

பறவை நாட்காட்டியைப் பார்க்கிறது என்றால், தட்டான் காற்றையும் மழையையும் பார்க்கிறது எனலாம். பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே போய்வரும் நீல வரியன் முதலிய வண்ணத்துப்பூச்சிகளும் அவ்வாறே. ஆகவே பறவையின் தேதியையும் பூச்சியின் தேதியையும் ஒரே ஏட்டில் எழுதினால், நாளை நம்பும் உயிர் எது, வானிலையை நம்பும் உயிர் எது என்று பிரித்தறியலாம்.

இத்தகைய குறிப்பை எழுத விலங்கியல் பட்டம் தேவையில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்து புகழ் பெற்ற இயற்பியலறிஞர். அடுத்த ஆண்டே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வண்ணத்துப்பூச்சிகளின் வலசை பற்றி ஒரு குறிப்பு எழுதினார்.

எப்படிக் குறிப்பது?

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் வசந்தத்தின் அடையாளங்களைக் குறிக்கத் தொடங்கினார். மரம் துளிர்த்த நாள், தகைவிலான் வந்த நாள், குயிலின் முதல் குரல் என்று எழுதினார். அவர் மறைந்தபின் சந்ததியினர் 1958 வரை தொடர்ந்தனர். எழுதியபோது அது பொழுதுபோக்கு. இன்று அது தட்பவெப்ப ஆய்வின் கருவூலம்.

நம் நாட்டில் வலசைப் பறவைகளின் வருகை நாளையும் புறப்பாட்டு நாளையும் பொதுமக்களிடமிருந்து திரட்டும் முயற்சி 2007-இல் மைக்ரண்ட்வாட்ச் என்ற பெயரில் தொடங்கியது. பின்னர் அது ஈபேர்ட் என்னும் உலகளாவிய பதிவேட்டுடன் இணைந்தது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சுமார் 30,000 ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. கடற்கரையோர வலசைப் பறவைகள் குறைந்து வருவதை எச்சரித்ததும் அவ்வறிக்கையே.

குறிப்பெடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு மாணவர் வாரம் ஒருமுறை கண்மாய்க்குப் போய், கடைசி வாலாட்டியைக் கண்ட நாள் ஏப்ரல் 10 என்று எழுதுகிறார். அடுத்த ஆண்டு நாற்பது மாணவர்கள் நாள்தோறும் போகிறார்கள். பின்தங்கிய ஒற்றைப் பறவையை ஏப்ரல் 25-இல் காண்கிறார்கள். பறவைகள் தாமதமாகப் புறப்பட்டன என்று சொல்லலாமா? கூடாது. மாறியது பறவையன்று, பார்ப்பவர் எண்ணிக்கை. முதல் நாள், கடைசி நாள் போன்ற ஓரத்து அளவுகள் எல்லாம் இப்படி ஏமாற்றக்கூடியவை.

இதைத் தவிர்க்க வழி எளிது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கால அளவு. கிழமைக்கு இருமுறை, காலை ஆறரை முதல் ஏழு மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கு அடையாளம் தெரிந்த நான்கைந்து இனங்களை மட்டும் எண்ணுங்கள். கண்ட எண்ணிக்கையை எழுதுவதுபோல், காணாத நாளில் சுழி என்று எழுதுங்கள். அந்தச் சுழி மிக முக்கியம். 40, 35, 12, 3, 0, 0 என்று எண்ணிக்கை இறங்கிவரும்போதுதான் கூட்டம் புறப்பட்ட வாரம் எது என்று ஐயமின்றித் தெரியும். பின்தங்கிய ஒற்றைப் பறவை அதைக் குலைக்காது. கண்மாயில் நீர் மட்டம், காற்றின் திசை, மழை ஆகியவற்றையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். நீர் வற்றியதால் பறவை வேறு கண்மாய்க்குப் போனதா, நாட்டைவிட்டே போனதா என்று பின்னால் பிரித்துப் பார்க்க அது உதவும்.

ஓர் ஆண்டுக் குறிப்பில் பெரிதாக எதுவும் தெரியாது. பத்து ஆண்டு சேர்ந்தால் போக்குத் தெரியும். ஒரு மாணவர் பள்ளியை விட்டுப் போனாலும் ஏடு பள்ளியிலேயே இருக்கட்டும். அடுத்த வகுப்பு தொடரட்டும். பங்குனி வெயிலில் கண்மாய்க் கரையில் நின்று ஒரு சுழியை எழுத அரை மணி நேரந்தான் ஆகும்.