பிக்கப் வண்டியை உயர்த்துதல்: குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டு மாட்டு வண்டியின் சக்கரம் ஆள் மார்பளவு உயர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. சக்கரம் எவ்வளவு உயர்ந்ததோ, அதில் பாதியளவு அச்சு தரையினின்று உயர்ந்து நிற்கும். அவ்வுயரம் இருந்தால்தான் வண்டித் தடத்தின் நடுமேடும், மழைக்காலச் சேறும் அச்சில் தட்டாமல் வண்டி ஓடும். விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் அவ்வண்டியின் வேலையைப் பெரும்பாலும் இன்று பிக்கப் வண்டிகளே செய்கின்றன. டாடா ஏஸ் 2005-ஆம் ஆண்டிலும், அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. மகேந்திரா பொலேரோ பிக்கப்பும் எங்கும் ஓடுகின்றது. நிலக்கடலை மூட்டை, கரும்புக் கரணை, மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணி, சவுக்குக் கழி யாவும் இவற்றிலேயே ஏறுகின்றன. ஆனால் இவற்றின் சக்கரம் சிறியது. ஆகையால் வண்டியை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் குடியானவர்களுக்குத் தோன்றுதல் இயல்பே.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையே நீரில் மூழ்கியது. இத்தகைய காலங்களைக் கண்டவர்கள் உயரமான வண்டியை விரும்புவதில் வியப்பில்லை. எனினும், உயர்த்தும் உபகரணங்களில் எது எதற்கு உதவும், எது ஆபத்து விளைக்கும் என்பதை அறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுதல் வேண்டும்.

முதலில் நோயை அறிதல்

வண்டி தாழ்ந்திருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பட்டைகள், அதாவது அச்சைத் தாங்கும் வில்தகடுகள், பல ஆண்டு உழைப்பால் வளைவு இழந்து தட்டையாகிப் போதல் ஒன்று. அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றுதல் இரண்டாவது. வண்டி தயாரிக்கப்பட்டபடியே அத்தடத்துக்கு உயரம் போதாமை மூன்றாவது.

இதை அறிய வழி எளிது. வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து அதன் மேலுள்ள உடற்பகுதியின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்க. வழக்கமான பாரத்தை ஏற்றி மறுபடியும் அளக்க. இடம் வலம் வேறுபட்டாலும், வெறும் வண்டியிலேயே பின்புறம் தாழ்ந்திருந்தாலும் பட்டை தளர்ந்துவிட்டது என்பது நிச்சயம். பிக்கப் வண்டிகள் வெறுமையாக நிற்கும்போது பின்புறம் சற்றுத் தூக்கியிருக்குமாறே செய்யப்படுகின்றன; பாரம் ஏறிய பின்னரே சமமாகும். தளர்ந்த பட்டைக்கு மருந்து, அதே அளவுள்ள புதுப் பட்டையே. உயர்த்தும் உபகரணம் அன்று. பாரம் மிகுதியானால் மருந்து, நடையைக் கூட்டுதலே. மூன்றாவது காரணத்துக்கு மட்டுமே கீழ்க்கண்டவற்றை ஆலோசிக்கலாம்.

உயர்த்தும் வழிகள் நான்கு

முதலாவது, உடலை உயர்த்துதல். சட்டத்துக்கும் அதன் மேலுள்ள உடலுக்கும் இடையே கட்டைகளை வைத்து நீண்ட போல்ட்டுகளால் முடுக்குவர். இதனால் பெரிய டயருக்கு இடம் கிடைக்குமேயன்றி, சட்டமும் அச்சும் இருந்த உயரத்திலேயே இருக்கும். தடத்தின் நடுமேடு தட்டுகிறது என்பவருக்கு இதனால் பயனில்லை.

இரண்டாவது, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்தல், அல்லது பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிள் தகட்டை நீட்டுதல். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலமே உயரும். மறுமுனை அசையாமல் இருப்பதே காரணம். கட்டையின் மேல் கட்டை அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும், ஸ்டீயரிங் திருப்பும் முன் அச்சில் கட்டை வைப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ள, கட்டை நழுவும்.

மூன்றாவது, பட்டையைக் கூட்டுதல். இதுவே பட்டறைகளில் எளிதில் செய்யப்படுவது. இதனால் வண்டி உயருமாயினும் விறைத்தும் போகும். வெறும் வண்டி மேடுபள்ளத்தில் துள்ளும். தர்ப்பூசணி, தக்காளி போன்ற சரக்குகள் அடிபட்டு விலை குறையும். மேலும் பட்டை கூடியதால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிடாது. அச்சு, தாங்குருளை, டயர், பிரேக் ஆகியவை பழைய அளவினவே.

நான்காவது, பெரிய டயர். பின்புறம் முழு அச்சுள்ள வண்டியில், அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டியே பெரும்பாலும் தரைக்கு மிக அருகில் இருப்பது. முதல் மூன்று வழிகளில் எதனாலும் அது ஓர் அங்குலமும் உயராது. மாட்டு வண்டியில் போலவே சக்கரம் உயர்ந்தால்தான் அச்சு உயரும். 28 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதில் 30 அங்குலம் போட்டால் அச்சு 1 அங்குலம் உயரும். ஆனால் வேகமானி 40 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; எஞ்சின் பாரத்தில் திணறும்; பிரேக்கும் முன்னிலும் தாமதித்துப் பிடிக்கும். டயரின் பாரத்தாங்கு எண் பழையதற்குக் குறையலாகாது.

உயரத்தால் விளையும் பிரதிகூலங்கள்

இடம் வலம் சக்கரங்களின் இடைவெளி 140 சென்டிமீட்டர், பாரத்தோடு கூடிய வண்டியின் எடைமையம் 90 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். இடைவெளியில் பாதியை இவ்வுயரத்தால் வகுக்க 0.78 வரும். வண்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் இது 0.70 ஆகும். அதாவது கவிழாமல் நிற்கும் சக்தி பத்தில் ஒரு பங்கு குறைந்தது. வைக்கோல் அல்லது சவுக்குக் கழியை உயர அடுக்கினால் எடைமையம் முன்னமேயே மேலே போயிருக்கும். ஏரிக்கரையில் ஒரு பக்கச் சக்கரம் சரியும்போது இந்தப் பத்தில் ஒரு பங்குதான் ஓட்டுநரின் உயிரைக் காப்பது.

இரண்டாவது, பல வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்ப மாற்றும் ஒரு வால்வு உண்டு. உடல் அச்சுக்கு எவ்வளவு அருகில் இறங்கியுள்ளது என்பதைக் கொண்டே அது பாரத்தை அறியும். பட்டையை உயர்த்திய வண்டியில், முழுப் பாரம் இருந்தாலும் வண்டி வெறுமை என்றே அவ்வால்வு கருதி, பின் பிரேக்குக்குக் குறைந்த அழுத்தமே விடும். இதைத் திரும்பச் சரிப்படுத்தாமல் சாலையில் ஓட்டலாகாது.

மூன்றாவது, எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் மூட்டுகள் கோணம் மிகுந்து அதிர்ந்து தேயும். பிரேக் குழாய்கள் இழுபட்டு அறும். முன்விளக்கின் ஒளி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும்.

வெள்ளத்தைப் பற்றிய தப்பெண்ணம்

உயர்ந்த வண்டி தரைப்பாலத்து வெள்ளத்தைக் கடந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. எஞ்சின் காற்றிழுக்கும் வாயின் உயரத்தை உடலை உயர்த்தும் உபகரணம் பெரிதும் மாற்றாது. அதில் நீர் புகுந்தால் எஞ்சினின் தண்டு வளைந்துவிடும். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறு கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். 2 அங்குல உயர்வு தென்பெண்ணைக்கும் சங்கராபரணிக்கும் ஒரு பொருட்டன்று. வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்காமையே ஒரே உபாயம்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்துக்கு ரூ.20,000-மும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. காப்பீட்டாருக்கு அறிவியாத மாற்றம், விபத்துக் காலத்தில் இழப்பீட்டைத் தகராறுக்கு உள்ளாக்கும். ஆதலால் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல், விழுப்புரம் அல்லது திண்டிவனம் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, விடை பெற்ற பின்னரே பட்டறைக்குச் செல்லுதல் நலம்.

தேர்ந்தெடுக்கும் முறை

புது வண்டி வாங்குவோர், தயாரிப்பாளரே உயரமாகவும் நான்கு சக்கர இழுப்புடனும் விற்கும் வகையை விசாரித்து வாங்குவதே சிறந்தது. பிரேக்கும் தண்டும் அவ்வுயரத்துக்கென்றே அமைந்திருக்கும். பழைய வண்டி உடையோர் முதலில் பட்டையையும் ஷாக் அப்சார்பரையும் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு இழந்த உயரம் இதனாலேயே திரும்பும். அதுவும் போதாதாயின், தயாரிப்பாளர் அங்கீகரித்த அளவுக்குள் டயரை மாற்றலாம். அதற்கு மேலும் உயர்த்த அனுமதி கிடைத்தவர்கள், தங்கள் வண்டி வகைக்கென்றே செய்யப்பட்ட உபகரணத்தை வாங்கி, பிரேக் வால்வு, குழாய், சக்கர நேர்மை, விளக்கு ஆகியவற்றைச் சரிபார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ-போல்ட்டுகளை மீண்டும் முடுக்குதல் அவசியம்.

கிராம அலுவலர்களும் ஊராட்சியாரும் ஆலோசிக்கத் தக்கது ஒன்று உண்டு. ஒரு களத்துப் பாதையில் இருபது வண்டிகள் தட்டுகின்றன என்றால், இருபது வண்டிகளையும் உயர்த்துவதைவிட அப்பாதையின் நடுமேட்டைச் சீவி, தடத்தில் கப்பி இட்டு, ஓரத்தில் நீர் வடியக் கால் எடுத்தல் செலவு குறைந்த காரியம். அறுவடைக்கு முன் ஊரார் கூடி இதனைச் செய்துகொண்டால், வண்டி இல்லாதவனுடைய மூட்டையும் சேதமின்றி விற்பனைக்கூடம் போய்ச் சேரும்.